பூத்தூவித் திறந்த மதகு

புரட்டாசி, வியாழன் இரவு.

எங்கள் பாசன அலுவலகம் தெரிந்தே விவசாயியை ஏமாற்றுகிறது. அங்கே மழைக் கணிப்பு என் வேலை; பசிபிக் கடல் குளிர்ந்திருக்கிறது, அதனால் ஐப்பசி மழை குறையும், ஆற்றில் தண்ணீர் போதாது என்று போன மாதமே எழுதிக் கொடுத்தேன். இன்று பூத்தூவி அணை மதகைத் திறந்துவிட்டார்கள்.

"மாலையெல்லாம் வாங்கியாச்சு தம்பி. உன் கடலுக்காக விழாவ நிறுத்தவா?" என்று எங்கள் பொறியாளர் சிரித்தார்.

மதகைத் திறந்தால் அறுப்பு வரை தண்ணீர் உண்டு என்றுதான் எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். கன்னிவாடியில் வயல் வைத்திருக்கும் சித்தப்பா போன் செய்தார்.

"நெல்லு நடவாப்பா?"

"வேணாம் சித்தப்பா. சோளம் போடுங்க."

"அப்பறம் எதுக்குலே தொறந்தாய்ங்க? ஊரே நாத்துப் பறிக்குது, நான் மட்டும் கிறுக்கனா?"

உடனே பொறியாளரை அழைத்தேன். "தண்ணி அறுப்பு வரைக்கும் வராதுன்னு ஆட்டோவுல மைக் கட்டி ஊர் ஊராச் சொல்லுங்க சார். நாளைக்கு நடவு."

அவர் விழாப் படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்றார். "சார், சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"