கடற்கரை ரோடு சுற்றிப் போகிறவர்கள்

மே 12
பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. தாளை வீணாக்குகிறேன், மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல வராததை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு. அதன் லாபத்தில்தான் ஊர் என்னை நாஹா நகரக் கல்லூரியில் படிக்க வைத்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டம். கடையை நடத்தும் இனாஃபுகு அக்காவுக்கு இப்போது முழங்கால் முடியவில்லை, வியாபாரமும் படுத்துவிட்டது. ஜூன் கடைசியில் ஊர் கூடி, மூடுவதா என்று முடிவெடுக்கும். அதுவரை உதவிக்கு நான் நிற்கிறேன்.

மே 20
கடையில் என்ன குறை, என்னென்ன வாங்குகிறீர்கள் என்று கேட்டு வீடு வீடாகப் படிவம் கொடுத்தேன். முப்பத்தெட்டு வீட்டிலும் ஒரே பதில்: 'குறையே இல்லை. எல்லாம் அங்கேதான் வாங்குகிறோம்.' கண் கலங்கிவிட்டது. அவர்கள் எழுதியபடியே பாலும் ரொட்டியும் கூடுதலாக வரவழைத்தேன்.

மே 27
பாதிப் பால் கெட்டுப்போச்சு. ஏன் இப்படி எழுதினாங்க?

மே 28
விற்கப் பாகற்காய் கொண்டுவந்த தொகாஷிகி அத்தையிடம் கேட்டே விட்டேன்.

"பட்டம் வாங்கினியே, இது தெரியலையா? குறைன்னு எழுதினா அப்புறம் இனாஃபுகு மூஞ்சில எப்படி முழிக்கிறது? எல்லாரும் நாகோ டவுன்லதான் வாங்கறோம். அங்க வாங்கின பையோட நம்ம கடையைத் தாண்டி வரக் கூச்சம். கடற்கரை ரோடு சுத்தி வந்துடுவோம்."

"நீங்களுமா அத்தை?"

"எனக்கு அவ்வளவு தூரம் சுத்தி நடக்க முடியாது. கூடையில பாகற்காய்க்கு அடியில ஒளிச்சுக்குவேன்."

இந்தக் கடைமேல் எவ்வளவு மரியாதை! அதுவே இதை மூட வைத்துவிடும் போலிருக்கிறதே.

ஜூன் 3
தயங்கித் தயங்கி இனாஃபுகு அக்காவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதாடி? கொட்டற மழையில கடற்கரைக்குக் காத்து வாங்கவா போறாங்க?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜூன் 17
கூட்டத்தில் பேச வேண்டும். நானா? ஐயோ.

ஜூன் 29
"கடைக்கு யாரு பொறுப்பு எடுக்கறீங்க?" என்றார் கூட்டத்தில் ஊர்த்தலைவர் சுகேரன். எழுந்தேன்.

"நான்... நடத்தறேன்."

"பின்னாடி கேக்கலம்மா!" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

மறுபடி சொன்னேன். இனாஃபுகு அக்கா சுவரைப் பிடித்து எழுந்து முதலில் கைதட்டினார். ஒரு வருஷம் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. என்னைப் படிக்க வைத்தவர்கள் இப்போது என்னை நம்பிக் கடையையும் தருகிறார்கள். எப்படி நன்றி சொல்வேன்?

"உனக்கு ஏதாவது வேணுமாம்மா?" என்றார் தலைவர். ஒரு மாதமாக நெஞ்சிலேயே கிடந்ததைக் கேட்டேன்.

"நாகோ பையோடயே கடைக்கு வாங்க. கோச்சுக்க மாட்டேன். பையைத் திறந்து, இதுல எதெல்லாம் நம்ம கடையில இருக்கணும்னு சொல்லுங்க."