கூரைக்குள் நாங்கள் அடைத்த வாய்

அன்பு மகள் நளினிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு அம்மாவை மன்னித்துக்கொள். இங்கே மணி இரண்டைத் தாண்டிவிட்டது, நியூசிலாந்தில் உனக்கு விடிந்துகொண்டிருக்கும், கண் விழித்ததும் இத்தனை பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதே. இந்த நிமிடம் நானும் தம்பியும் சுகம், அப்பாவும் சுகம், ராத்திரி ஷிப்டில் இருக்கிறார். நீ அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். நேற்றுப் போனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேனே, அது பொய்மா. பக்கத்தில் ராக்காயி அக்கா உட்கார்ந்து தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், அவர் எதிரில் சொல்ல வாய் வரவில்லை. அதோடு இந்த இரண்டு வாரமாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது, பாதி சொல்லும்போதே எதைச் சொல்ல வந்தேன் என்று மறந்துபோகிறது. எழுதினால்தான் ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், தம்பி பக்கத்தில் கொசுவலைக்குள் தூங்குகிறான், இரண்டு வரிக்கு ஒரு தடவை குனிந்து அவன் மூச்சைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். போன வருட விடுமுறையில் நீ சாப்பாட்டு மேசையில் விரித்துப் படம் போட்டுக் கொடுத்தாயே, கூரைக்கு மேல் சோலார் பலகை, குளிக்க வெந்நீருக்குச் சூரியத் தொட்டி, கூரைக்குக் கீழே தடிப்பான பஞ்சு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு மேலே காற்றுக்கு ஓட்டைக் கல் வைக்க வேண்டாம் ஏர்கோன் குளிர் எல்லாம் அதில்தான் ஓடிவிடும் என்று. அப்பா அதில் ஒரு கோடு விடாமல் செய்தார். திகாம் பத்துவில் இந்த மனைக்கு வந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் மகள் போட்ட பிளான் என்று சொல்லிச் சொல்லிக் கதவைச் சாத்திக் காட்டுவார், சாத்தினால் ரோட்டில் லாரி போகிற சத்தம் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். சோலார் இணைக்க வந்த கைருல் கூட, "அண்ணே, இது வூடு இல்லலா, ஐஸ் பெட்டி" என்று சிரித்தான். கடைசியாகக் காற்று மெஷினையும் அவனே கூரைக்குள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான், பழைய காற்றை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே இழுக்கும் என்றாயே அதுதான். தம்பி பிறந்து ஒன்பதாம் நாள் நாங்கள் பாக்கார் ஆராங் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே பால் காய்ச்சி வந்தோம்.

முதல் ராத்திரியே அந்த மெஷின் சத்தம் என்னைத் தூங்க விடவில்லை. பெரிய சத்தம் இல்லை, மெல்ல இழுத்து, கொஞ்சம் நின்று, மெல்ல விடுகிற மாதிரி இருந்தது. என் தலைக்கு நேர் மேலே யாரோ குப்புறப் படுத்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. மூன்றாம் நாள் நான்தான் அப்பாவிடம் அழுது அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய பிறகும் அந்தக் குழாய் வாயிலிருந்து ஏதோ இறங்கி வருவது போல இருந்தது, அதனால் வாயையே அடைக்கச் சொன்னேன். அப்பா ஏணி போட்டு ஏறிப் பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் ஒட்டினார். "அது கரண்டு மிச்சம் பிடிக்கிற சாமான்தானே தவம், புள்ளைக்கு முப்பது நாள் முடியட்டும், அப்புறம் திறந்துக்கலாம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணு, அடைக்கச் சொன்னது நான்.

ராக்காயி அக்காவை உனக்குத் தெரியும், உன்னையும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குளிப்பாட்டி எடுத்தவர். காலையில் வந்து எனக்கும் தம்பிக்கும் எல்லாம் செய்துவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பிக்குச் சாம்பிராணி காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். உன் சூரியத் தொட்டி வெந்நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில்ல காஞ்ச தண்ணி பச்ச ஒடம்புக்கு ஆவாது தாயி, நெருப்புல காயணும்" என்று சொல்லிக் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். அதில்தான் எனக்கு ஒத்தடத்துக்குக் கல் சுடுவது, அதே தணலில்தான் சாம்பிராணி. தம்பிக்குக் காற்றுப் பட்டுவிடும் என்று கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, எனக்கு வியர்க்கிறதே என்று ஏர்கோனையும் போட்டுவிடுவார். போகும்போது தணலுக்கு மேல் சாம்பலை மூடிவிட்டுப் போவார், ராத்திரி பிள்ளைக்குத் துணி மாற்றும்போது கதகதப்பாக இருக்கட்டும் என்று. அன்பாகத்தான் செய்தார்மா.

நாலைந்து நாளிலேயே அது தொடங்கிவிட்டது. விளக்கு வைத்த பிறகு தலையில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியது போல வலி, வயிற்றைப் புரட்டும், பிறகு கட்டில் காலடியில் யாரோ வந்து நிற்பார்கள். முதலில் நிழல்தான். பிறகு ஒரு பெண் என்று தெரிந்தது, தலையில் துணி கட்டியிருக்கிறாள், முகம் என் பக்கம் இல்லை, தம்பியின் தொட்டில் பக்கம். பயமே வராது, அதுதான் எனக்கு இப்போது பெரிய பயம். எழுந்து தம்பியைத் தூக்க நினைப்பேன், கை எனக்குச் சொந்தம் இல்லாதது போலப் பக்கத்தில் கிடக்கும். ஒரு நாள் அவள் என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள், மெத்தை அழுந்தியது எனக்குத் தெரிந்தது. காலையில் சொன்னதும் ராக்காயி அக்கா வெற்றிலையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "அம்மாசிதான்" என்றார். நம் மனை இருக்கிற இடத்தில் முன்பு லயம் இருந்ததாம், அதில் கோடி வீட்டில் அம்மாசி என்று ஒருத்தி பிள்ளை பெறும்போது போய்விட்டாளாம், பிள்ளையும் தங்கவில்லையாம். அன்றிலிருந்து சாம்பிராணி ஒரு வேளை இரண்டு வேளையானது. அவளும் அன்றிலிருந்து இரண்டு வேளை வந்தாள்.

தம்பி அழுவதை நிறுத்திவிட்டான் நளினி. பாலுக்கும் நான்தான் எழுப்ப வேண்டும். கன்னமும் உதடும் சிவந்து, பார்க்க வந்தவர்கள் எல்லாம் ரோஜாப்பூ மாதிரி பிள்ளை, என்ன சமத்து, ராத்திரி தூங்க விடுகிறானே, கொடுத்து வைத்தவள் நீ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன சனி ஞாயிறு ராக்காயி அக்கா சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அடுப்புப் பற்ற வைக்க ஆள் இல்லை. இரண்டு நாளும் தலைவலி இல்லை, அவளும் வரவில்லை. கல்யாணத்துக்கு அம்மாசியுமா போனாள் என்று எனக்கே சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை அடுப்பு வந்தது, அவளும் வந்தாள். ராக்காயி அக்காவே அன்று மதியம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து, "வயசாச்சு தாயி, இந்த ரூம்புக்குள்ள வந்தாலே தலய சுத்துது" என்றார். அப்போதுதான் எனக்குக் கல்லூரியில் படித்தது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல ஞாபகம் வந்தது. மூடிய அறையில் கரி எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு வரும், கார்பன் மோனாக்சைடு, அது ரத்தத்தில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும், அதற்கு முன்னால் இல்லாததை எல்லாம் காட்டும். லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தது, புகை தானாகப் போய்விடும், அதனால்தான் முப்பது வருடமாக ராக்காயி அக்கா கையில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே நாம் ஒரு எறும்பு மூச்சு விடக்கூட வழி வைக்கவில்லை, வைத்திருந்த ஒரே வாயையும் நான் அடைக்கச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "நளினி போட்ட பிளான்ல தப்பு வராது, புள்ள ராவெல்லாம் முழிச்சுப் படிச்சுப் போட்டது, நீ ஏன் அவ மேல பழி போடுற" என்றார். பழி இல்லை, பிளானில் பாதியை நாமே நிறுத்திவிட்டோம் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை, என் தலை அன்று எனக்கே ஒத்துழைக்கவில்லை, பாதியில் அழுதுவிட்டேன். அதோடு கோத்தா குவாலா மூடாவிலிருந்து பிரேமாவதி அத்தை போன் போட்டு அவர் மனதை இறுக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை தம்பிக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிடுகிறோம் இல்லையா, அத்தை ஒரு பூசாரியைக் கூட்டி வருகிறாராம். எல்லா அறையிலும் தணல் வைத்துச் சாம்பிராணி போட்டு, அவள் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடாதபடி எல்லாக் கதவையும் சாத்தி, நானும் பிள்ளையும் ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார வேண்டுமாம். நான் முடியாது என்றதற்கு, "பேசுறது தவமலர் இல்ல மணியம், உள்ள இருக்கிறவ பேசுறா, புகைக்குப் பயப்படுறா பாரு" என்று ஸ்பீக்கரில் சொன்னார். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது அம்மாசி சொன்னதாகிவிடுகிறது. அப்பா என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது, சோற்றைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார்.

இன்றைக்கு ராக்காயி அக்கா போனதும் அடுப்பை வெளியே வைத்துவிடலாம் என்று இருந்தேன், அதற்குள் அசந்துவிட்டேன், எழுந்தபோது மணி ஒன்றரை. அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, ஊர்ந்துதான் போனேன், தம்பியை அவள் கைக்குக் கீழேயிருந்து வாரிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். பத்து நிமிடம் அவன் துணி மாதிரி கிடந்தான். பிறகு அழுதான் பாரு, இத்தனை நாள் அழாததை எல்லாம் சேர்த்து, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்கு அழுதான், நானும் கூட அழுதேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தடவை உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்து அடுப்பை வெளியே இழுத்து வந்து தண்ணீர் ஊற்றிவிட்டேன். கார் அப்பாவிடம் இருக்கிறது, போனை எடுக்கவில்லை, ஷிப்டில் போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி அண்ணனை எழுப்பிவிட்டேன், ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட இதுதான் சீக்கிரம் என்று பட்டறையில் நிற்கும் தன் வேனை எடுத்து வரப் போயிருக்கிறார். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் கரிப்புகை என்று சொல்லியே தம்பி ரத்தத்தைப் பார்க்கச் சொல்லப்போகிறேன். பயத்தில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்தினால் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

பார்த்துவிட்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், முதல் தடவையாக முகம் இந்தப் பக்கம். என் ரத்தத்தில் இன்னும் அந்த வாயு இருக்கிறது, அது போகப் பல மணி நேரம் ஆகும், இது எனக்குத் தெரியும், தெரிந்தும் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். அடுப்பை எடுத்து, வாயைத் திறந்து, மெஷின் ஓடிய பிறகும் அவள் வந்தால் நானே அவளுக்குப் புடவை வைத்துக் கும்பிடுகிறேன், அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே. அதற்கு முன்னால் உன் தம்பி மூச்சு விட வேண்டும்.

அப்பா என் பேச்சைக் கேட்கமாட்டார், உன் பேச்சைக் கேட்பார். அந்த மெஷின் கரண்டு மிச்சம் பிடிக்க இல்லை, ஆள் உயிரோடு இருக்க என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். கரி அடுப்பு அந்த வீட்டுக்குள் ஒரு அறையிலும் வரக்கூடாது என்று சொல். ராக்காயி அக்காவைத் திட்ட வேண்டாம் என்றும் சொல். வேன் வெளிச்சம் தெரிகிறது. நீ நல்லா இருக்கணும் கண்ணு, தீர்க்காயுசாக இருக்கணும், ஹீட்டர் போட்டுத் தூங்கும்போது அறைக்கு எங்கேயாவது காற்று வர வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூசாரி வருகிறார், அதற்குள் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு எனக்குச் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
தவமலர்