ஓ.எஸ். ஏறவில்லை

நவம்பர் 20, வியாழன்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. உள்ளறையில் கொடி கட்டியிருப்பதால் குனிந்து குனிந்து நடக்கிறேன். மாவும் புளிக்கவில்லை.

கொரியர் வந்தது. ஓசூரிலிருந்து மகள் கவி அனுப்பிய பென் டிரைவ். பஞ்சு சுற்றி, அதன் மேல் டேப் சுற்றி, ஏதோ வைரத் தோடு அனுப்புகிறவள் மாதிரி. கல்யாணமாகிப் போன பெண் அம்மாவுக்கு அனுப்பும் முதல் சீர் இதுதான்.

கொரட்டூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யும் கணக்குப் பதிவு வேலை. திங்கள் மு.ப. 11க்கு ஆன்லைனில் தேர்வு, முடிந்ததும் வீடியோவில் பேட்டி. போனில் பேசிய பெண், "சொந்தமா லேப்டாப் இருக்கா மேடம்?" என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. கவி ப்ளஸ் டூவில் இருக்கும்போது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது, பீரோ மேல் கிடக்கிறது. பேட்டரி எப்போதோ செத்தது, பிளக்கில் இருந்தால்தான் உயிர். அதிலிருக்கும் பழைய ஓ.எஸ்.ஸில் தேர்வு மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அதுதான் அந்தப் பென் டிரைவில் இருக்கிறது.

இவரிடம் வேலை விஷயத்தைச் சொல்லவில்லை. கவியை வீடியோவில் பார்க்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டாம்.

வாங்க: பெருங்காயம், இவருடைய பி.பி. மாத்திரை, கொசுவத்தி.

நவம்பர் 21, வெள்ளி

ராகு காலம் முடியட்டும் என்று பன்னிரண்டு வரை காத்திருந்தேன். படித்தவள்தான். இருந்தாலும்.

சாப்பாட்டு இடைவேளையில் கவி போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். லேப்டாப்பைப் போட்டவுடன் மேல் வரிசையில் அவள் சொன்ன பொத்தானை விடாமல் தட்டு. பென் டிரைவைத் தேர்ந்தெடு. பழையதை அழிக்கவா என்று கேட்கும், ஆமாம் சொல்லு. "அம்மா, அழிச்சிட்டா திரும்ப வராது. ஓகேவா?" "என்னோடது அதுல என்னடி இருக்கு" என்றேன். அழித்தேன்.

புள்ளிகள் சுற்றின. சதவீதம் ஏறியது. நாற்பதைத் தாண்டியதும் நின்று, தேவையான கோப்பு இல்லை அல்லது கெட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. மறுபடி செய்தேன். இந்த முறை பதினொன்றிலேயே நின்றது. வெளியே வந்து பார்த்தால் கறுப்புத் திரை. ஓ.எஸ். எதுவும் காணோம் என்கிறது. அதுதான் அழித்தாயிற்றே. உள்ளதும் போச்சுடா நொள்ளக் கண்ணா.

க.வுக்கு இடைவேளை முடிந்துவிட்டது. "நாளைக்குப் பார்க்கலாம்மா, டென்ஷன் ஆகாத." டென்ஷன் ஆகாமல்? வியாழன் வரை பழைய லேப்டாப்பாவது இருந்தது. இன்று வெறும் தட்டு.

இவர் ஃபாக்டரியிலிருந்து வந்து பார்த்தார். "இன்னுமா அது கூட மல்லுக்கட்டுற? போன்லயே பேசிக்கலாமே அவகிட்ட." ரசம் உப்பாகிப்போனது. அதையும் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இந்த மனிதர் எதற்குத்தான் வாயைத் திறப்பார்.

நவம்பர் 22, சனி

தூறல். குவார்ட்டர்ஸ் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். லேப்டாப்பைப் பாலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு, ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் போனில் யாரையோ: "நான் வந்துகினே கீறேன். நீ சோத்த வடிச்சி வையி. வடிக்கத் தெர்லன்னா குக்கர்ல வையி." எதிர்முனையில் புருஷன்தான். குரலிலேயே தெரிந்தது. கோபமில்லை, கெஞ்சலுமில்லை. சோறு குழைந்திருக்கும். அவள் அதைத் தின்றுமிருப்பாள்.

கடைக்காரன் தன்னுடைய பென் டிரைவைப் போட்டுப் பார்த்தான். அதுவும் பாதியில் நின்றது. லேப்டாப்பைக் காதில் வைத்துக் கேட்டான், தேங்காய் வாங்குகிறவன் போல.

"அக்கா, ஹார்டு டிஸ்க் பூட்ச்சு. இத்த வச்சுகினு இன்னா பண்ணப் போறே. புச்சா ஒண்ணு வாங்கிக்கோ."

"டிஸ்க் மட்டும் மாத்த முடியாதா தம்பி?"

"செவ்வாக்கிழமைக்கு மேல ஆவும்க்கா. மழைல சரக்கு வரல."

செவ்வாய் எனக்கு எதற்கு. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அழுகை வந்தது. மழையாக இருந்ததால் குடைக்குள் அழுவது சௌகரியம்.

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் கொஞ்சம் புத்தி வந்தது. கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதியவள். கணக்கில் தப்பு இருந்தால் எத்தனை தடவை கூட்டினாலும் அதே தப்புத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தொகை வந்தால் தப்பு ஏட்டில் இல்லை, கூட்டுகிறவரிடம். இந்த லேப்டாப் ஒரு தடவை நாற்பதில் நிற்கிறது, ஒரு தடவை பதினொன்றில். கடையில் எழுபது வரை போனது. டிஸ்கில் ஓரிடம் கெட்டிருந்தால் அதே இடத்தில் அல்லவா முட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

க.விடம் சொன்னேன். "அம்மா, நீ சொல்றது கரெக்டா இருக்கும்போல" என்றாள். என் பெண் என்னிடம் இப்படிச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று.

மாத்திரை வாங்க மறந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். ஊரே துணி காயப்போட்டிருக்கிறது. மீன் வாங்கினார். நான் மீனைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொட்டேன்.

நாளை தேர்வு. இன்று விட்டால் இல்லை.

மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் பென் டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குட்டி விளக்கு. மினுக்கிக்கொண்டே இருந்தது, திடீரென்று அணைந்தது. விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்தேன். எரிந்தது. விட்டேன், அணைந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியது. கை மரத்துப்போய் ஒரு கணம் அசைந்தது, போச்சு.

கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கோளாறு டிஸ்கில் இல்லை, செருகுகிற ஓட்டையில். இன்னொரு பக்க ஓட்டை கவி காலேஜ் படிக்கும்போதே உடைந்தது, இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் கடையிலும் இதே கதை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். மஞ்சளாக என்னவோ. அதன் மேல் சிவப்பு. காய்ந்து இறுகிப்போன சந்தனம், குங்குமத்தோடு.

எத்தனையோ வருஷமாக ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பது கவிதான். மூடி மேல் கடுகளவு வைப்பாள். இந்த வருஷம் அவள் இல்லை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மீதி இருப்பது ஒரே ஆள். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்த ஓட்டைக்குள்ள சந்தனத்தை அப்பினது நீங்களா?"

"ஆமா. ஆயுத பூஜைக்கு வச்சேன்."

"மூடி மேல வைக்கறதுக்கு என்ன?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "லேத்துக்குச் சக்குலதான் வைப்போம் சுமதி. பீஸை உள்ள குடுக்கற வாய் அதுதான். இதுக்கு வாய் இதுதானேன்னு வச்சேன். கொஞ்சம் தாராளமாவே வச்சேன், பிள்ளை ஊர்ல இல்லையேன்னு."

கத்திவிட்டேன். மூன்று நாள் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள் என்று. பாவம், அவருக்கு என்ன தெரியும். எனக்கு எது உயிர் போகிற விஷயம் என்றே அவருக்குச் சொல்லவில்லையே. துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவிக் கொண்டுவந்து கொடுத்தார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். நான் சுரண்டினேன். செதில் செதிலாக வந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். தரையெல்லாம் சந்தன வாசனை. கூடவே மீன் வாசனை.

ஒரே மூச்சில் ஏறியது. நூறு. திரையில் ஒரு வணக்கம். மென்பொருளும் திறந்தது. க.வை வீடியோவில் கூப்பிட்டோம். இவர் அவளிடம், "உங்கம்மா சரி பண்ணிட்டா" என்றார். கெடுத்தது யார் என்பதைச் சொல்லவில்லை.

குழம்பு பரவாயில்லை.

நவம்பர் 24, திங்கள்

இவர் காலை ஷிஃப்ட். கதவைச் சாத்தி, காலிங் பெல் ஒயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கரண்ட் போய்விடக் கூடாது என்று மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். போகவில்லை.

தேர்வு பரவாயில்லை. கை மெதுவாகத்தான் போகிறது. ஜி.எஸ்.டி. கேள்வி ஒன்று தெரியவில்லை. மீதியெல்லாம் பழைய கணக்குத்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

பிறகு பேட்டி. போனில் பேசிய அதே பெண். கவியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"நடுவுல எங்கேயும் வேலை பார்க்கலையா மேடம்?"

"இல்ல மேடம்."

"ஏன், வீட்டுல ஒத்துக்கலையா?"

"ஆமா மேடம்" என்றேன். யோசிக்கவே இல்லை, உடனே வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். அவளுக்கும் தெரிந்த கதை போல.

சொல்லிவிட்டு மனசு என்னவோபோல் இருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

மறுபடி மூட்டம். மாத்திரை வாங்கியாயிற்று.

மு.ப. போன் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் கொரட்டூர் போக வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே. சமையலறையில் நின்று சிரித்தேன், தனியாக. க.வுக்குச் சொன்னேன். அவள் அழுதாள். "அப்பாகிட்ட சொல்லும்மா முதல்ல."

கொரட்டூர் போவதென்றால் மறைக்க முடியாது. சாயங்காலம் டீ கொடுக்கும்போது சொன்னேன்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு. கணக்கு வேலை, கொரட்டூர்ல."

தம்ளரைக் கீழே வைத்தார். மத்தியானச் சாப்பாடு, அவருடைய அண்ணன் என்ன சொல்வார், இந்த வயதில் எதற்கு... அவர் கேட்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பதில்கள்.

"சரி" என்றார். "எப்பலேருந்து?"

"ஒண்ணாந்தேதி."

"டிரெயின்லயே போயிடு. பஸ்ஸுல போனா அம்பத்தூர்ல மாட்டிக்குவ."

அவ்வளவுதான். பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "கல்யாணம் பேசறப்ப, வேலைக்குப் போறதெல்லாம் எங்க வீட்டுல வழக்கமில்லன்னு சொன்னீங்களே" என்றேன்.

"அது அம்மா சொன்னது."

"நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

"உக்காந்திருந்தேன். நீயும் எதிர்லதானே உக்காந்திருந்த. விட்டுடறேன்னு தலையாட்டின. உனக்கே அந்த வேலை பிடிக்கலபோலன்னு நினைச்சேன்."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

கோபப்படலாம் என்று பார்த்தேன். யார் மேல் படுவது என்று தெரியவில்லை. ஒரு நாள் நான் கேட்டிருக்கலாம். ஒரு நாள் அவரும் கேட்டிருக்கலாம்.