கீழே இறங்க வழி வைக்காத நிலையம்

மாமா,

அத்தைக்குக் கண் காட்டக் கமுதிக்குக் கூட்டிப் போகிறேன். முன்கதவுச் சாவி வழக்கம்போல அத்தை இடுப்பில். நீங்கள் பின்பக்கமாக வாருங்கள். கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. வானம் இருட்டினால் மாடியில் காயும் மிளகாயைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்.

உங்கள் லேப்டாப்பைத் தொட்டேன். கத்தாதீர்கள். விளையாட்டில் நீங்கள் விண்வெளியில் கட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் லேப் இருக்கிறது, சோலார் தகடு எட்டு இருக்கிறது. உள்ளே இருக்கும் விஞ்ஞானிப் பெண் பூமிக்குத் திரும்ப மட்டும் வழி வைக்கவில்லை. கேட்டதற்கு, "அவ சோறு கேக்கப் போறாளா, தண்ணி கேக்கப் போறாளா? அங்கனயே கெடக்கட்டும்" என்று சிரித்தீர்கள்.

கடலாடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று நேற்று சொன்னபோது சிரிக்கவில்லை. "ஒனக்கு இங்கன என்ன கொறச்சல்? சோறு இல்லையா, துணி இல்லையா? போயே தீரணும்னா எங்கம்மாவத் தொணைக்குக் கூட்டிட்டுப் போ" என்றீர்கள்.

காலையில் ஒரு மீட்புக் கப்பல் செய்து, நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டேன். நிலையத்தில் கப்பல் வந்து ஒட்ட இடமில்லை. அவள்தான் வெளியே மிதந்து வந்து ஏற வேண்டும். அவளை நீங்களே வெளியே விடுங்கள்.

உமா

மிளகாய் வியாபாரி வந்தால், மாதிரி நீல வாளியில் இருக்கிறது.

கப்பலில் ஒரு சீட்தான் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை எட்டு மணி கடலாடி பஸ்ஸிலும் எனக்கு ஒரு சீட் போதும்.