ஐந்து முனையிலும் கேட்ட ஜெபம்

மார்ச் 3

எங்கள் படைப் பாதிரியாரின் ஜீப் கவிழ்ந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று. அவர் திரும்பும்வரை காலை ஜெபத்தை நான் நடத்த வேண்டுமாம். நான் ஏன்? "சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடுறவன் நீ ஒருத்தன்தான்" என்றார் கேப்டன். பசியில் கண் சொருகுகிறது சார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது இப்போதுதான் தோன்றுகிறது.

மார்ச் 4

பரமண்டல ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று. அம்மாவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். சமையல்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் தங்கியிருப்பது ஒரு சோப்பு ஆலையின் கீழறை. முப்பது பேரும் சோப்புத் தூளில் தும்மிக்கொண்டே ஜெபித்தோம். ஆனாலும் முடிந்தபோது உள்ளுக்குள் ஒரு துள்ளல். நாளைக்கும் நானேதான்.

மார்ச் 6

தாக்குதல் வரப்போகிறதாம். ஆற்றோரப் பம்பு அறையில் எங்கள் ஆட்கள் பதினோரு பேர். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று அவர்கள் சொன்னால்தான் எங்கள் பீரங்கி சுட முடியும். அதற்கு இருப்பது வயலில் கிடக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. அது அறுந்தால் குண்டுமழையில் போய் ஒட்டுப்போட வேண்டியவன் தொலைபேசிக்காரன். அதாவது நான்.

மார்ச் 7

மானம் போயிற்று.

தினமும் காலையில் பம்பு அறை உட்பட ஐந்து காவலிடங்களின் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதிப்பது என் வேலை. இன்று சோதித்து முடித்தேன். அறையில் யாரும் இல்லை. வாய்விட்டே கேட்டேன்: "ஆண்டவரே, எனக்கு பயமா இருக்கு. காலெல்லாம் நடுங்குது. கம்பி அறுந்தா வேற யாரையாவது அனுப்புங்க."

காதருகிலிருந்து ஒரு கரகரத்த குரல்: "ஆமென்."

பம்பு அறை சார்ஜென்ட். ரிசீவர் என் கையிலேயே இருக்கிறது, கட்டைவிரல் பழக்கதோஷத்தில் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறது. இணைப்பையும் பிடுங்கவில்லை. இந்த வேலைக்கு வந்த முதல் நாளே செய்யாதே என்று சொல்லித் தருகிற தப்பு! மற்ற நான்கு முனையிலிருந்தும் வரிசையாக ஆமென். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மார்ச் 8

"காலு எப்படி இருக்கு?" என்கிறார் சமையல்காரர், தட்டை நீட்டும்போதெல்லாம்.

கேப்டன் கூப்பிட்டார். தண்டனைதான் என்று நினைத்துப் போனேன். "நாளையிலேருந்து அஞ்சு இடத்தையும் சேர்த்துப் போட்டு ஜெபம் பண்ணு. பம்பு அறைக்காரங்க கேட்கறாங்க."

"எந்த ஜெபம் சார்?"

"நேத்து பண்ணினியே, அதேதான்."

மார்ச் 9

கம்பி வழியே ஐந்து இடம், ஒரே ஜெபம்! நான் முடித்ததும் ஒவ்வொரு முனையாகப் பேசத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். ஒருவரின் மனைவிக்கு இது பிரசவ மாதம். "எனக்கும் காலுதான் தம்பி" என்றார் சார்ஜென்ட். இத்தனை நாளும் நான் ஒருவன்தான் கோழை என்றல்லவா நினைத்திருந்தேன்?

மார்ச் 11

காலை பத்தேகாலுக்குப் பம்பு அறைக் கம்பி செத்தது. தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன் — பதிலே இல்லை. கேப்டன் என்னைப் பார்த்தார். எப்போது கம்பிச் சுருளைத் தோளில் மாட்டினேன், எப்போது படியேறினேன் — தெரியவில்லை.

கம்பியை உள்ளங்கையில் ஓடவிட்டபடி குனிந்து ஓடினேன். இரண்டு முறை மண் மேலே வந்து விழுந்தது. மூன்றாவது வரப்பில் கம்பியின் முனை கைக்கு வந்தது. அடுத்த முனை? பத்தடி தள்ளி, புதுக் குழிக்குள். பல்லாலேயே உறையை உரித்து, முறுக்கி, நாடா சுற்றி, சோதனைத் தொலைபேசியை மாட்டினேன். விரலெல்லாம் ரத்தம்.

"யாரு?" என்றது அந்தக் கரகரத்த குரல்.

"நான்தாண்ணே. கம்பி சரியாயிடுச்சு."

"பழைய பாலத்து பக்கம் வர்றாங்க. சுடச் சொல்லு. சீக்கிரம்."

கம்பியின் இந்த முனையில் கேப்டனைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். பீரங்கி முழங்கியபோது நான் வரப்பில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 14

பம்பு அறைக்காரர்களுக்கு ஓய்வு. பதினோரு பேரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள், இருவர் கட்டுப் போட்டுக்கொண்டு. சார்ஜென்ட் நேராக என்னிடம் வந்தார்.

"கம்பி அறுந்ததும் எல்லாரும் வெளியே ஓடிடலாம்னாங்க. திறந்த வெளி, நல்ல வெயில். போயிருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம். அவன் வருவான், இருங்கடான்னு பிடிச்சு வச்சேன்."

"எப்படிண்ணே நம்புனீங்க? நான் கேட்ட ஜெபம்தான் உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். வேற யாரையாவது அனுப்புங்கன்னு கேட்டே. போகமாட்டேன்னு சொல்லலையே."

அழுதுவிட்டேன், சமையல்காரர் முன்னாலேயே.

மார்ச் 15

பம்பு அறைக்குப் புதிய ஆட்கள் போயிருக்கிறார்கள். காலையில் ஐந்து இடத்தையும் சேர்த்தேன். அங்கிருந்து பழக்கமில்லாத குரல் ஒன்று, "கம்பி அறுந்தா யாரு வருவாங்க?" என்று கேட்டது.

"நான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, ஜெபத்தைத் தொடங்கினேன்.