தொழில் பங்குதாரர்

மூங்கில்துறைப்பட்டு
14.9.2025

அன்புத் தம்பி இளஞ்செழியனுக்கு,

அக்கா கோகிலவாணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் டேரலும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஓட்டுக் கேட்கப் போகிறேன் என்று வீடு வீடாக அலைந்து இளைத்துப் போயிருக்கிறாய். அமெரிக்காவில் கவுன்சிலர் ஆகி என்னத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறாயோ, எனக்குப் புரியவில்லை.

பேசி அனுப்பாமல் ஏன் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று கேட்பாய். இந்த வீட்டில் என் போனை எல்லோரும்தான் எடுக்கிறார்கள். போன வாரம் நீ பேசி அனுப்பியதை உன் மாமா கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் போட்டுவிட்டார். ‘அக்கா, நானும் டேரலும்’ என்று நீ ஆரம்பித்ததுமே எனக்கு உயிர் போய்விட்டது. நல்லவேளை, கரும்பு வெட்டு விஷயமாக யாரோ கூப்பிட, அப்படியே வைத்துவிட்டுப் போனார். நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அது என்னோடு இருக்கட்டும். இனி தாளில்தான். அனுப்பியதும் போனிலிருந்து அழித்துவிடுவேன்.

இப்போது சொல்வதைக் கேட்டுத் திட்டாதே. பஸ் ஸ்டாப்பில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மாமாவும் பக்கத்து வீட்டு வேடியப்பனும் சேர்ந்து சங்கராபுரத்தில் அடித்து வந்தார்கள். ‘அமெரிக்காவை ஆள வரும் எங்கள் மண்ணின் சிங்கமே!’ என்று போட்டு, உன் தலைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சிங்கம். கீழே வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள்: மாமா, நான், அபிநயா, வேடியப்பன். உன் பக்கத்தில் டேரல்.

நீ அனுப்பிய அந்த ஊர்ப் பேப்பர் செய்தியில் அவரைப் பார்ட்னர் என்று படத்தோடு போட்டிருந்ததாம். வேடியப்பன் பி.காம். படித்தவன் இல்லையா, “பார்ட்னர்னா கூட்டுங்க. ரெண்டு பேரும் கம்பெனி வெச்சிக்கினு இருக்காங்க” என்று சொல்லி, ‘தொழில் பங்குதாரர் திரு. டேரல் அவர்கள்’ என்று அடித்துவிட்டான். மாமா மட்டும், “ஆப்பிரிக்காக்காரன் மாதிரி இருக்கான். வெள்ளைக்காரன் எவனும் கெடைக்கலையா கூட்டுக்கு?” என்றார். அவர் நிறத்தை அவரே கண்ணாடியில் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. தை மாதம் அபிநயாவுக்குக் கல்யாணம். சம்பந்தியம்மா செந்தமிழ்ச்செல்வி எதற்கெடுத்தாலும் துருவித் துருவிக் கேட்கிறவர். பங்குதாரர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். பயந்து சாகிறேன்டா.

இப்படிக்கு,
உன் அக்கா கோகிலவாணி


ஓஹையோ
16.9.2025

அன்பு அக்கா,

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். டேரலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். “நம் கம்பெனி என்ன தொழில் செய்கிறது?” என்று கேட்டான். கடன் வாங்குகிற தொழில் என்றேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா, அந்த ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல். தயவுசெய்து இன்றைக்கே. இங்கே நிலைமை அப்படி. நான் நிற்கிற வார்டில் முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள். பாதிப் பேர் நல்ல மாதிரிதான் பேசுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு முன்னால் நட்டிருந்த தேர்தல் பலகையை யாரோ உடைத்து, ‘உன் நாட்டுக்குப் போ’ என்று பெயிண்டில் எழுதிவிட்டார்கள். அதற்குக் கீழே டேரலின் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை, நாங்கள் இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதைச் சொல்லி இன்னொரு வார்த்தை. நான் அழிக்கப் போனேன். “நீ உள்ளே போ, எனக்கு இது பழக்கம்” என்று அவனே துடைத்தான். பழக்கம் என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தமிழ் ஆட்கள் பக்கம் போனால், “உன் அரசியலுக்கு எங்களை இழுக்காதே தம்பி, அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வராதே” என்கிறார்கள். ‘அந்த ஆள்’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். பேச்சை மாற்றி, காபி சாப்பிடுகிறாயா என்கிறார்கள்.

சரி, உனக்குச் சிரிக்க ஒன்று. நம் ஊரில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், வூட்டுக்காரர் என்பார்கள் என்று டேரலிடம் சொல்லிவைத்தேன். அதிலிருந்து வீட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டு, “நான் வூட்டுக்காரர்” என்கிறான். ‘வூ’ மட்டும் நன்றாக வருகிறது.

அன்புடன்,
செழியன்


மூங்கில்துறைப்பட்டு
2.10.2025

அன்புத் தம்பிக்கு,

ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டோம். காற்றில் கிழிகிறது என்று நானே ஒரு பக்கம் கயிற்றை அறுத்துவிட்டு, மாமாவிடம் சொன்னேன். அது இப்போது மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. ஆனால் வேடியப்பன் அதற்கு முன்பே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டானாம். எடுடா என்றால், “இன்னாக்கா நீங்க, ஐந்நூறு லைக்கு வந்துகினு இருக்குது” என்கிறான்.

செழியா, நான் சொல்வதைக் கேள். நீ நிற்க வேண்டாம். யார் உன்னை நிற்கச் சொன்னது? தண்ணீர்க் குழாய்க்கும் பஸ்ஸுக்கும் அந்த ஊரில் வேறு ஆள் இல்லையா? இன்று பலகையை உடைத்தவன் நாளை மண்டையை உடைக்க மாட்டானா? அங்கே ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருப்பார்களாமே. கொல்லையில் தேங்காய் விழுந்தால்கூட உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். கல்வராயன் மலைப் பக்கம் இடி இடித்தாலும் அப்படியே. அம்மா அப்பா இல்லாத பிள்ளை நீ. உனக்கு ஒன்று ஆனால் நான் யாரிடம் போய் அழுவேன்?

சம்பந்தியம்மா போன் செய்து, “உங்க தம்பிக்கு இன்னுமா கல்யாணம் ஆவல? வயசு ஜாஸ்தி ஆவுதே” என்று கேட்டார். தேர்தல் முடியட்டும் என்று இருக்கிறான் என்றேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோகிறது. வாபஸ் வாங்கிவிடு சாமி.

உன் அக்கா


ஓஹையோ
12.10.2025

அன்பு அக்கா,

வாபஸ் வாங்கும் நாள் போய்விட்டது. வாங்கலாம் என்றாலும் டேரல் விட மாட்டான். “எனக்காக நீ விலகினால், அதை நினைத்தே நான் கிழவனாகிவிடுவேன்” என்கிறான்.

நேற்று வார்டு முழுக்க எல்லோர் தபால் பெட்டியிலும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. போட்டவர் பெயர் இல்லை. முன்பக்கம் நம் ஃப்ளெக்ஸ். யாரோ தமிழ் தெரிந்த ஆள்தான் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். ‘அமெரிக்காவை ஆள வருகிறானாம்! இவன் எந்த நாட்டு வேட்பாளர்?’ என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கே உலகை ஆள வா என்று அடிப்பார்கள் என்பதை நான் எந்த வீட்டு வாசலில் நின்று யாருக்கு விளக்குவேன்? பின்பக்கம் நானும் டேரலும். டேரல் முகத்தை இன்னும் கறுப்பாக்கி இருக்கிறார்கள். ‘உங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்தா வளர வேண்டும்?’ என்று ஒரு வரி.

அக்கா, ஃப்ளெக்ஸில் கீழே இருந்த தலைகளும் அதில் இருக்கின்றன. நீ இருக்கிறாய். அபி இருக்கிறாள். ஒருவன் போன் செய்து, “அந்தச் சின்னப் பெண் எந்த ஊர்?” என்று கேட்டு வைத்துவிட்டான். போலீஸ் தெருவில் வந்து போகிறது. டேரல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான். நான் சோபாவில் ஜன்னல் பக்கம் உட்காரக் கூடாதாம். அபியிடம் ஒன்றும் சொல்லாதே.

செழியன்


மூங்கில்துறைப்பட்டு
20.10.2025

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி வாழ்த்துகள். டேரலுக்கும் சொல்லு. வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் ஜன்னல்தான் ஞாபகம். அதிரசம் கரிந்துவிட்டது.

ஒரு பெரிய கண்டம் வந்து தாண்டிப் போனது. கள்ளக்குறிச்சியிலிருந்து யூடியூப் சேனல்காரன் ஒருவன் மைக்கோடு வந்துவிட்டான். உங்கள் ஊர்த் தமிழர் யாரோ அவனுக்குச் சொன்னாராம். ஊர் ஜனமே வாசலில். “உங்க தம்பி ஒரு ஆம்பளையைக் கட்டிக்கினாருன்னு சொல்றாங்களே, உண்மையா?” என்று என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினான். மாமா கையை ஓங்கிக்கொண்டு போனார். நான் வாசல் தூணை இறுகப் பற்றிக்கொண்டேன். அபிநயா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவரு தொழில் பங்குதாரருங்க. என் தம்பி என்கிட்ட எதையும் மறைச்சதில்ல” என்று சொல்லிவிட்டேன்.

சமாளித்துவிட்டேன் செழியா. சம்பந்தி வீட்டிலும் பார்த்தார்களாம், ஒன்றும் சொல்லவில்லை. வேடியப்பன் அன்றைக்குத் தப்பாகப் போட்டது இன்றைக்கு நம் மானத்தைக் காப்பாற்றியது. இன்றுதான் கொஞ்சம் தைரியமாகச் சாப்பிட்டேன்.

உன் அக்கா


ஓஹையோ
27.10.2025

அன்பு அக்கா,

உன்மேல் கோபம் இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ பேசிய அந்த வீடியோத் துண்டு இங்கே வந்துவிட்டது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. ‘தம்பி எதையும் மறைத்ததில்லை, அவர் தொழில் பங்குதாரர்.’ அதற்குப் பிறகு ஒரு குரல்: ‘கூடப் பிறந்த அக்காவிடமே பொய் சொல்கிறவன் உங்களிடம் உண்மை சொல்வானா?’ எல்லோர் போனிலும் இதுதான். பலகையை உடைத்தபோது வருத்தப்பட்டுக் கேக் கொண்டுவந்து கொடுத்த கிழவி ஒருத்தி, நேற்றுக் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே, “உன் அக்காவிடம் ஏன் மறைத்தாய்?” என்று கேட்டாள். உனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னால் நீ பொய்க்காரி ஆகிறாய். சொல்லாவிட்டால் நான் ஆகிறேன். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இனி டேரல் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று தேர்தல் வேலையில் கூட இருப்பவர்கள் சொன்னார்கள். அவனே ஒத்துக்கொண்டான். நான் வாசல் வாசலாகப் போகும்போது அவன் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருக்கிறான். “பங்குதாரர் காரில் இருப்பார்” என்று சொல்லிச் சிரிக்கிறான். நீ பேசியதை அவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். “அக்கா கையைப் பார், அக்கா பயம்” என்று தமிழிலேயே சொன்னான். அந்த வார்த்தைகளை அவனாக எப்போது சேர்க்கக் கற்றான் என்று தெரியவில்லை.

நவம்பர் நாலாம் தேதி ஓட்டு. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். யார் கேட்டாலும் பங்குதாரர் என்றே சொல். அபி கல்யாணம் நல்லபடி முடியட்டும். நான் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன்.

செழியன்


மூங்கில்துறைப்பட்டு
1.11.2025

அன்புள்ள டேரல் அவர்களுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். செழியன் படித்துச் சொல்வான். டேய் செழியா, உன் இஷ்டத்துக்கு மாற்றாமல் ஒரு வரி விடாமல் படி.

நீங்கள் காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று படித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். என் கல்யாணத்தில் நான் ஒருவேளை வெளியே உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உங்களை அங்கே உட்கார வைத்தது வெள்ளைக்காரன் இல்லை. நான்தான் வைத்தேன்.

இன்று காலை சம்பந்தியம்மா வந்தார். புடவை நிறம் பார்க்க என்றுதான் வந்தார். மாமா இருந்தார், வேடியப்பன் இருந்தான். காபி வைத்தேன். அவர் டம்ளரைத் தொடாமல், “ஊர்ல கண்டதையும் பேசிக்கினு இருக்காங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. அந்த ஆளு தொழில் பங்குதாரருதானே?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும். பின்னால் பார்த்தேன். அபிநயா கதவோரம் நின்று போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக ஆட்டி, சொல்லும்மா என்றாள். எல்லாம் அவளுக்குத் தெரியுமாம். அந்த நோட்டீஸையும் அவள் எப்போதோ பார்த்துவிட்டாளாம். நான் ஒருத்திதான் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“இல்லீங்க சம்பந்தி. அவரு என் தம்பியோட வூட்டுக்காரரு” என்றேன்.

சம்பந்தியம்மா முகம் தெளிந்துவிட்டது. “ஓ, வாடகை வூடா? வூட்டு ஓனரா அவரு?” என்றார். மாமா பெருமூச்சு விட்டார். வேடியப்பன், “அதான் நான் அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பித்தான். எல்லோரும் எனக்காக வழி விட்டு நிற்கிறார்கள். இரண்டாம் தடவையும் ஒரு தப்பான அர்த்தம் எனக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் போய் நின்றுகொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“ஓனரு இல்லீங்க. எனக்கு இவரு எப்படி வூட்டுக்காரரோ, என் தம்பிக்கு அவரு அப்படி. கல்யாணம் கட்டிக்கினாங்க. எனக்கு மொதல்லயே தெரியும். அன்னிக்கு மைக் முன்னாடி நான்தான் பொய் சொன்னேன். என் தம்பி சொல்லல” என்று மாமாவைக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மா எழுந்து போய்விட்டார். காபி அப்படியே இருந்தது. மாமாவும் எழுந்துவிட்டார். மோட்டார் கொட்டகைக்குப் போனவர் இன்னும் சாப்பிட வரவில்லை. வாசலில் யாரோ பேசிக்கொண்டே போகிறார்கள், நம்மைப் பற்றித்தான் இருக்கும். கல்யாணம் நடக்குமா தெரியாது. “இதுக்காக நிறுத்துறாங்கன்னா, அந்த வூட்டுக்குப் போய் நான் இன்னாம்மா பண்றது?” என்று அபிநயா சொல்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள். நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அபிநயா எடுத்த வீடியோவை இதோடு அனுப்புகிறேன். தெரு முழுக்கப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கேக்குக் கிழவிக்கு முதலில் காட்டுங்கள். இதனால் ஓட்டு வருமா, இன்னும் போகுமா, எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் இருவரும் உட்கார வேண்டாம். ஆனால் நாலாம் தேதி நீங்கள் காரில் உட்காரக் கூடாது. என் தம்பி பக்கத்தில் நில்லுங்கள். முறைப்படி பார்த்தால் நான் உங்களுக்கு நாத்தனார். நாத்தனார் சொன்னால் எங்கள் ஊரில் கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் போனிலிருந்து அழிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
தீ. கோகிலவாணி