ஆயுத பூஜைக்குள் சறுக்க வேண்டிய கார்

ஜோகுபாளையம்,
பெங்களூரு.

அன்புள்ள லாவண்யாவுக்கு, ஜோகுபாளையம் முதல் அல்சூர் ஏரிக்கரை வரை ஒரு குடைக்கீழ் ஆளும் உன் தாய்மாமன் ஜெயவேலு எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா, உன் அப்பா, நான், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உன் கார் ஆகிய நால்வரும் சுகம், நால்வரில் தினமும் துடைக்கப்படுவது ஒருவர் மட்டுமே. நீயும் அந்த ஸ்வீடன் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறோம். வழக்கமாக உன் அப்பாதான் எழுதுவார், இந்த முறை பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர், ஒரு போல்ட் தலைமுடி அளவு தடித்திருந்தாலும் தூக்கி எறிந்தவர், இந்தச் சமாச்சாரம் என் அளவுகோலில் அடங்காது, நீயே எழுது என்று சொல்லிவிட்டார். ஆகவே பானெட்டின் மேல் கை வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய், உன்னுடன் வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் நம்ப மாட்டார்கள், எழுதி முடித்துத் திரும்பப் படித்தால் நானே நம்ப மாட்டேன்.

பல் டாக்டர் ஒருவர் ஓட்டி அலுத்த அந்த இரண்டு கதவு ஜெர்மன் வண்டியை வாங்கி வாசலில் விட்டுவிட்டு நீ விமானம் ஏறினாய், ஏறிய கையோடு இதை ட்ரிஃப்ட் வண்டியாக்க வேண்டும் என்று வீடியோவில் கட்டளை வந்தது. ட்ரிஃப்ட் என்றால் என்னடா என்று உன் அம்மா கேட்டாள். வண்டி மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், உடம்பு வேறு பக்கம் போகும், பின்சக்கரம் புகை விட்டுக்கொண்டே சறுக்கும் என்று விளக்கினேன். எங்க அப்பா கோலாரு தங்க வயல் சுரங்கத்துல லிஃப்ட்ல நேரா கீழ போனாரு, நேரா மேல வந்தாரு, நம்ம வம்சத்துல குறுக்க போறதுக்கு இவ யார்கிட்ட கத்துகிட்டா என்று கேட்டாள். நீ இருக்கும் ஊரில் ரோடே பனியில் தானாக வழுக்குகிறதாம், அங்கே வழுக்காமல் இருக்கச் செலவு செய்கிறார்கள், இங்கே வழுக்குவதற்குச் செலவு செய்கிறோம். ஆனாலும் மருமகள் சொல்லைத் தட்டாத மாமன் அல்லவா, தங்க வயலில் இருந்து ஞாயிறுதோறும் ரயிலேறி வரும் மெக்கானிக் கிளெமென்ட்டும் நானும் அந்த ராஜகுமாரியின் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். எடையைக் குறைக்க வேண்டுமாம், ஏசி போயிற்று, கார்ப்பெட் போயிற்று, கூரைக் கண்ணாடி போயிற்று. தோல் போட்ட பின்சீட் இப்போது நம் ஹாலில் சோபா, அதில் உட்கார்ந்து செய்தி பார்க்கும்போது உன் அப்பா மறக்காமல் பெல்ட் போட்டுக்கொள்கிறார். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்று நடுவில் இருந்த டிஃபரன்ஷியலை கிளெமென்ட் வெல்டு வைத்து ஒட்டிவிட்டார், அன்றிலிருந்து சந்து முனையில் வண்டியைத் திருப்பினால் டயர் போடும் கூச்சலில் நாய்கள் சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டன. நீ அனுப்பிய நெட்டுக்குத்தான ஹேண்ட்பிரேக் கம்பியில் உன் அம்மா காய்கறிப் பையை மாட்டினாள். இந்த வீட்ல இது ஒண்ணுதான் சரியான உயரத்துல இருக்கு என்றாள்.

அத்தோடு விட்டாளா, ஒரு நாள் தீர்ப்பும் சொன்னாள். அத்திபெலேயில் டாபா வைத்திருக்கும் ஒருவர் வண்டியைக் கேட்டு வந்தார், கடை வாசலில் தூண் கட்டி மேலே ஏற்றி, பானெட்டுக்குள் மண் போட்டு மணி பிளான்ட் படர விடப்போகிறாராம். ஆயுத பூஜைக்குள்ள இது என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு வாட்டி சறுக்கணும், இல்லாட்டி அன்னிக்கு சாயந்திரம் மணி பிளான்ட்தான் என்று சொல்லிவிட்டாள் உன் அம்மா. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எங்கள் வாயையும் கட்டிவிட்டாள், நீ போனில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் நான் இருமியது அதனால்தான், காசநோய் இல்லை.

ஊரில் சறுக்க இடம் வேண்டுமே. பெங்களூரில் கார் நகர்ந்தாலே செய்தி, சறுக்கினால் சரித்திரம். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் லாரியில் ஏற்றி அத்திபெலே பக்கம் ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்துக் கிளம்பினோம். சில்க் போர்டு சந்திப்பில் நின்றோம் பார், கிளெமென்ட்டுக்குத் தாடி வளர்ந்தது, பக்கத்து வேனில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகிக் கல்யாணமும் ஆனது, நான் மொய் எழுதினேன். மைதானத்தை அடைந்தபோது எங்கள் நேரம் முடிந்து யாரோ வளைகாப்புக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் அந்த டாபாக்காரர் தூணுக்கு சிமென்ட் பூசியபடி நம் வண்டிக்கு டாட்டா காட்டினார். கிளெமென்ட் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, மாமே, இத்தப் போயி செடி வெக்கற தொட்டியாக்கினா நான் இனிமே ஸ்பேனர தொட மாட்டேன் என்றார். அவர் கண் கலங்கியது, அதில் பாதி டீசல் புகை.

ஆயுத பூஜையும் வந்தது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சந்தில் உள்ள ஆட்டோ, தண்ணீர் டேங்கர், ஸ்கூட்டர் என்று சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பூசணிக்காய் உடைத்திருந்தார்கள், மேலே தூறல் வேறு, சந்தே ஒரு பெரிய கூட்டுப் பாத்திரமாகக் கிடந்தது. எலுமிச்சங்கா நசுங்கட்டும், நானும் ஒக்காந்துக்கறேன், சாயந்திரம் டாபாக்காரர் லாரி வருது என்று சொல்லி உன் அம்மா பட்டுப்புடவையோடு ரேஸ் சீட்டில் ஏறினாள். அந்தச் சீட்டு ஆளை விழுங்கும், கண்ணும் ஆரத்தித் தட்டும் மட்டும் வெளியே தெரிந்தன. ஆட்களை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் முனையில் திருப்பி அந்தக் காய்கறிப் பைக் கம்பியை இழுத்தேன். லாவண்யா, என்னவென்று சொல்வேன். வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தியது, நம் நம்பர் பிளேட்டை நானே ஜன்னல் வழியாகப் படித்தேன், பூசணி விதை ஓசூர் வரை பறந்து இந்நேரம் முளைத்திருக்கும், அல்சூர் மெட்ரோவில் போனவர்கள் பார்ப்பதற்காக ஒரே பக்கம் சாய்ந்ததில் ரயிலும் கொஞ்சம் ட்ரிஃப்ட் ஆனது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் பூ விற்கும் லட்சுமம்மாவின் தள்ளுவண்டிக்கும் நடுவில், இரு பக்கமும் வாழையிலை நுழையும் இடம் விட்டு வந்து நின்றது, தட்டில் கற்பூரம் அணையவில்லை. இது காரா, எம்மெயா என்று லட்சுமம்மா கன்னடத்தில் திட்டினாள், எருமைகூட இப்படிக் குறுக்கே நிற்காதாம். உன் அம்மாவோ சீட்டில் இருந்து எழுந்து, சறுக்கல் வேந்தே, நீ வாழ்க என்று செந்தமிழில் என்னை வாழ்த்தினாள். சாயங்காலம் லாரியோடு வந்த டாபாக்காரர் பொரிகடலைப் பொட்டலமும் மணி பிளான்ட்டுக்குக் கூரையாகட்டும் என்று உன் அம்மா கொடுத்த கூரைக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு போனார்.

நீ அங்கே பனியில் ஓட்டும்போது ஜாக்கிரதையாக ஓட்டு, அங்கே பூசணிக்காய் இல்லை. எல்லா ஊர்த் தெய்வமும் உன்னைப் பார்த்துக்கொள்ளும், எங்கள் ஆசி எப்போதும் உன் கூடவே வரும். வரும்போது பின்சக்கரத்துக்கு இரண்டு டயர் மறக்காமல் கொண்டு வா, ஒன்றைக்கூடக் கைப்பையில் வைக்க முயலாதே.

மடிப்பதற்கு முன் உன் அப்பா இதை வாங்கிப் படித்தார். மறுநாள் காலை அவர் டேப்பை எடுத்துக்கொண்டு சறுக்கிய தடத்தை அளக்கப் போயிருந்தார், அதற்குள் துப்புரவுப் பெண்கள் சந்து முழுவதையும் பெருக்கி முடித்துவிட்டார்கள். ஆகவே ரயில், விதை, நம்பர் பிளேட் எல்லாம் ரிஜெக்ட். சறுக்கல்கூட ஒரு முழமா ஒரு ஜாணா என்று சொல்ல ஆதாரம் இல்லையாம். செந்தமிழ் வாழ்த்தையும் பேனாவால் அடித்துவிட்டு, நான் நம்ம வாசல் கேட்லயே நின்னு கேட்டேன், அவ சொன்னது அது இல்ல, சொன்னத எழுது என்றார். சரி, எழுதிவிடுகிறேன். வண்டி நின்றதும் உன் அம்மா முன்னால் பார்த்தபடியே தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயா, இன்னொரு வாட்டி போடா என்றாள். இந்தக் கடிதத்தில் அது ஒன்று மட்டும் உண்மை.

இப்படிக்கு,
சாவியை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி ஓட்டும் மாமன்,
ஜெயவேலு